வாவும் போயாவும்: பாடசாலை லீவு பிறந்த கதை

சிவராத்திரிக்கு மறுநாள் காலை ஏழரைக்கு மணி அடித்ததும் வகுப்புக்குள் போய் நின்று பார்க்கவேண்டும். முன்வாங்கில் இருக்கிற பிள்ளை நெற்றியில் முந்தைய இரவு இட்ட விபூதியோடு, கண் சிவந்து, கொப்பியைத் திறக்காமல் இருக்கும். பின்வாங்கில் இரண்டு பேர் மேசையில் தலையைச் சாய்த்திருப்பார்கள். ஐந்தாறு கதிரை வெறுமையாகக் கிடக்கும். "ரீச்சர், நான் நாலு சாமமும் முழிச்சிருந்தனான்" என்று ஒரு பெண்பிள்ளை பெருமையோடு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சொல்லி முடித்த ஐந்தாவது நிமிடத்தில் அவள் நித்திரையாகிவிட்டாள். நான் எழுப்பவில்லை.

முதல் நாள் அவளுக்கு லீவு. மகா சிவராத்திரி இலங்கையில் அரச விடுமுறை. விரதம் பிடிக்கிற பகல் விடுமுறை நாளாக இருக்கிறது. ஆனால் சிவராத்திரி என்ற பெயரே இரவைத்தான் சொல்கிறது. திருகோணமலைக் கோணேசர் கோவிலில் நான்கு சாமப் பூசையும் முடிந்து, சுவாமி மலையிலிருந்து கோட்டை வழியாக மான்களைத் தாண்டி ஆட்கள் இறங்கி வரும்போது கடலில் வெளிச்சம் வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் பிறக்கிற நாள் பாடசாலை நாள். உடம்பு ஓய்வு கேட்கிற நேரத்தில் மணி அடித்துவிடுகிறது.

திருகோணமலையின் லிங்கநகரில் இருந்துகொண்டு, பெயரிலேயே லிங்கத்தை வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு, பல வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். நாட்காட்டியில் எந்த நாள் சிவப்பு, எந்த நாள் கறுப்பு என்பதை யார், எப்போது, எதற்காக முடிவு செய்தார்கள் என்று தேடத் தொடங்கியது இதனால்தான். பாடசாலைக் கலண்டரில் சமயப் பண்டிகைகளுக்கு இடம் இருக்கவேண்டுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தீவில் அந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. அதில் ஐந்தரை வருடம் நாடு முழுவதும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு நிலாவைப் பார்த்தே வாரத்தைக் கணக்கிட்டது.

அதற்கு முந்தைய கதையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை லீவு எங்களிடம் பிந்தித்தான் வந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாரம் ஏழு நாள் என்ற கணக்கு சோதிடத்துக்குத் தேவைப்பட்டதே தவிர லீவுக்குத் தேவைப்படவில்லை. லீவை நிலா கொடுத்தது. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்து வரும் பிரதமை, இடையில் அட்டமி. இந்தத் திதிகளில் ஏடு எடுக்கக்கூடாது, பாடம் சொல்லக்கூடாது என்பது பழைய வழக்கம். அந்த நாளுக்கு 'வாவு' என்று பெயர். முழுநிலாவையும் அமாவாசையையும் குறிக்கிற 'உவா' என்ற பழந்தமிழ்ச் சொல்தான் பிள்ளைகளின் வாயில் வாவு ஆயிற்று. தமிழ் அகராதியில் வாவு என்ற சொல்லைத் தேடினால் நிலா நாள் என்ற பொருளுக்குக் கீழே பள்ளி விடுமுறை என்ற பொருளும் இருக்கும். லீவு என்ற ஆங்கிலச் சொல் வரமுன்னரே எங்களிடம் ஒரு லீவு இருந்தது. அது வானத்திலிருந்து வந்தது.

பௌத்தத்தின் கதையும் அதேபோலத்தான். மகத நாட்டு மன்னன் பிம்பிசாரன் புத்தரிடம் ஒரு விண்ணப்பம் செய்ததாக விநயபிடகம் சொல்கிறது. மற்றச் சமயத்துத் துறவிகள் எட்டாம் நாளிலும் பதினான்காம், பதினைந்தாம் நாளிலும் கூடி அறம் உரைக்கிறார்கள், சனங்கள் போய்க் கேட்கிறார்கள், உங்கள் சங்கமும் அப்படிக் கூடினால் என்ன என்பது மன்னனின் கேள்வி. புத்தர் இசைந்தார். அந்த நாளுக்கு வடமொழியில் உபவசத, பாளியில் உபோசத. சிங்களத்தில் அது தேய்ந்து பொஹொய ஆகி, போயா ஆயிற்று. நாங்கள் விரதத்தைச் சொல்கிற 'உபவாசம்' பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். போயாவும் உபவாசமும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள். இதை நான் வகுப்பில் சொன்ன நாளில் பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம். போயா என்றால் சிங்களவரின் நாள், இறைச்சிக்கடையும் சாராயத் தவறணையும் பூட்டுகிற நாள் என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

பிறகு கப்பல்கள் வந்தன. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்தர் வந்து கோவிற்பற்றுப் பாடசாலைகள் நடத்தினார்கள். 1795இல் திருகோணமலை ஆங்கிலேயரிடம் போயிற்று. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாள் ஞாயிறு. கச்சேரி ஞாயிறு பூட்டியது, துறைமுகக் கந்தோர் பூட்டியது, மிஷன் பாடசாலை பூட்டியது. மணி அடித்து வகுப்புப் பிரித்துப் பாலபாடம் அச்சிட்டு நடத்துகிற முறையை ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்காக 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கினார். புதுமுறைப் பள்ளிக்கூடம் ஊருக்கு ஊர் பரவப் பரவ வாவு மெல்ல மெல்ல மறைந்தது. யாரும் அதைத் தடை செய்யவில்லை. மணிக்கூடும் கிழமையும் வந்த இடத்தில் திதிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

வெசாக்குக்கு லீவு வேண்டும் என்று கேட்ட கதை இரத்தத்தில் தொடங்குகிறது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்றுக்கும் கத்தோலிக்கருக்கும் கலவரம் மூண்டது. நீதி கிடைக்கவில்லை என்று பௌத்தர்கள் குமுறினார்கள். அவர்களின் முறைப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கரான கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டனுக்குப் போனார். கேட்ட பலவற்றுள் ஒன்று, வெசாக் பௌர்ணமியை விடுமுறையாக்குவது. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் காலத்தில் அது கைகூடியது. 1885 ஏப்ரல் 28 முதலாவது வெசாக் விடுமுறை. அன்றைக்குத்தான் பௌத்தக் கொடியும் முதன்முதல் ஏறியது.

வருடத்துக்கு ஒரே ஒரு நாள். அதை வாங்க ஒரு கலவரமும் ஒரு கப்பல் பயணமும் தேவைப்பட்டன. இதை நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை. ஆட்சியில் இருப்பவனின் பண்டிகைக்குக் கேட்காமலே லீவு வரும். மற்றவன் விண்ணப்பம் எழுதவேண்டும். இன்றைய கலண்டரில் இருக்கிற சிவப்பு நாட்களில் பல யாரோ எப்போதோ எழுதிய விண்ணப்பங்கள்.

பாடசாலைகளுக்கு வருவோம். 1960 வரை இந்தத் தீவின் பாடசாலைகளில் ஏராளமானவை சமய அமைப்புகளிடம் இருந்தன. எங்கள் நகரத்திலும் கத்தோலிக்கரின் பாடசாலை, மெதடிஸ்தரின் பாடசாலை, இராமகிருஷ்ண மிஷன் நடத்திய இந்துக் கல்லூரி என்று தனித்தனியாக நின்றன. சுவாமி விபுலாநந்தர் அந்த இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்திருக்கிறார். பாடசாலை யாருடையதோ பண்டிகையும் அவர்களுடையது. 1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்தது. பெரும்பாலானவை ஒரே அமைச்சின் கீழ் வந்தன. ஒரே அமைச்சென்றால் ஒரே சுற்றுநிருபம், ஒரே தவணை. அந்த நாளிலிருந்துதான் "எந்தச் சமயத்துக்கு எத்தனை நாள்" என்பது அரசின் கேள்வியாயிற்று.

1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்கவின் அரசு வந்தது. பல கட்சிகள் கூடிய அரசு. தமிழரசுக் கட்சியும் அதில் பங்காளி. மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சர். 1956இல் புத்த ஜயந்தி, 2500 ஆண்டு நிறைவு, பெரும் எழுச்சியோடு கொண்டாடப்பட்டதிலிருந்து பௌத்த சங்கங்கள் கேட்டு வந்த ஒன்றை அந்த அரசு செய்து கொடுத்தது. 1965ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விடுமுறைச் சட்டம். 1966 சனவரி 1 முதல் ஞாயிறு ஓய்வு நாள் இல்லை. நிலாவின் நான்கு கால்களும், அதாவது வளர்பிறை அட்டமி, பௌர்ணமி, தேய்பிறை அட்டமி, அமாவாசை ஆகிய நாலும், வாராந்த விடுமுறை. போயாவுக்கு முதல் நாள் அரைநாள் வேலை. அதற்குப் 'பிறி-போயா' என்று பெயர். அந்தப் பெயரை இன்றைக்கும் எண்பது வயது கடந்தவர்கள் சொல்லக் கேட்கலாம்.

அம்மா அந்த நாட்களில் பாடசாலைப் பிள்ளை. "இண்டைக்கு என்ன கிழமை எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. போயாவுக்கு எத்தினை நாள் எண்டுதான் கேக்கிறது" என்பார். ஏன் அப்படி என்று கணக்குப் போட்டால் விளங்கும். அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு இருபத்தொன்பதரை நாள். நாலால் பிரித்தால் ஏழு நாளும் ஒன்பது மணித்தியாலமும். ஆகவே ஒரு வாரம் ஏழு நாள், இன்னொரு வாரம் எட்டு நாள். இந்தப் போயா திங்கள் என்றால் அடுத்தது திங்களாகவும் இருக்கலாம், செவ்வாயாகவும் இருக்கலாம். வருடத்துக்கு 52 ஓய்வு நாள் இருந்த இடத்தில் 49 அல்லது 50 வந்தது. திங்கள் முதலாம் பாடம் கணிதம் என்று ஒரு நேரசூசி எழுதி வகுப்புக் கதவில் ஒட்டினால் அடுத்த மாதம் அது பிழைத்துப் போகும். கிழமையை நம்பி ஓடுகிற சந்தை, கப்பல், வங்கி, தபால் எல்லாமே தடுமாறின. இலண்டனில் வேலை நாள், கொழும்பில் பூட்டு. கொழும்பில் வேலை நாள், இலண்டனில் பூட்டு. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு பூசை வேலை நாளில் விழுந்தது. தேவாலயத்துக்கும் கந்தோருக்கும் இடையில் அவர்கள் ஓடினார்கள்.

உலகத்தில் வாரத்தையே மாற்றப் பார்த்த அரசுகள் வேறும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்காரர் 1793இல் பத்து நாள் வாரம் கொண்டுவந்து 1805 முடியமுன் கைவிட்டார்கள். சோவியத் நாடு 1929இல் தொடங்கி 1940 வரை ஐந்து நாள், ஆறு நாள் என்று முயன்றது. அவர்கள் சமயத்தைத் துரத்துவதற்காகச் செய்தார்கள். இலங்கை ஒரு சமயத்தை அரியணை ஏற்றுவதற்காகச் செய்தது. இரண்டுமே நிலைக்கவில்லை. 1970இல் வந்த சிறிமாவோ அரசு 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் சனியையும் ஞாயிறையும் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் பௌர்ணமியை மட்டும் விடவில்லை. மாதத்துக்கு ஒரு நாள், முழுநிலாப் போயா, அரச விடுமுறை. சில வருடத்தில் பதின்மூன்றாவது பௌர்ணமி வந்தால் அதற்கும் லீவு. இன்று எங்கள் பிள்ளைகள் அனுபவிக்கிற போயா லீவு அந்த 1971 சமரசத்தில் பிறந்த பிள்ளை.

இந்தக் கதையில் திருகோணமலைக்கு ஒரு பக்கம் இருக்கிறது. எனக்கு அது மறக்க முடியாத பக்கம். நாடு முழுவதையும் போயாவின் கணக்கில் ஓட விட்ட அதே அரசில் அமைச்சராக இருந்த திருச்செல்வம், கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோவில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்கலாமா என்று பார்க்க ஒரு குழுவை அமைத்தார். இங்கிருந்த ஒரு பௌத்த பிக்குவிடமிருந்து எதிர்ப்பு வந்தது. பிரதமர் குழுவைக் கலைத்துவிட்டார். 1968இல் திருச்செல்வம் பதவியை விட்டு விலகினார், தமிழரசுக் கட்சியும் அரசை விட்டு வெளியேறியது. ஒரு சமயத்துக்கு வருடம் முழுவதையும் கொடுக்க முடிந்த அரசால் இன்னொரு சமயத்துக்குக் குன்றின் மேல் ஒரு வளவைக் கொடுக்க முடியவில்லை. 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்த பஞ்சலோகத் திருமேனிகளை வைத்து, மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு 1963இல் குடமுழுக்குக் கண்டு எழுந்த கோவில் அது. அந்தக் கோவிலின் சனம் 1968இல் பட்ட வலியை மறந்துவிட்டு விடுமுறையின் கதையைச் சொல்ல என்னால் முடியாது.

அப்படியென்றால் போயா லீவை நான் வெறுக்கவேண்டும். வெறுக்கவில்லை. எங்கள் வீட்டில் பௌர்ணமி எப்படி வருகிறது என்று சொன்னால் காரணம் புரியும். தையில் பூசம் பெரும்பாலும் பௌர்ணமியோடு வரும். மாசியில் மகம், பங்குனியில் உத்தரம், சித்திரையில் சித்திரா பௌர்ணமி, வைகாசியில் விசாகம். இவை எல்லாம் முழுநிலாவை ஒட்டியே நிற்கிற நாட்கள். தமிழ்நாட்டில் தைப்பூசத்துக்கு 2021இல்தான் அரச விடுமுறை வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அது பல வருடம் போயாவின் பெயரில் வந்துகொண்டிருந்தது. 2023 மே 5 நாட்காட்டியில் வெசாக். எங்கள் வீட்டில் அன்று தாயில்லாதவர்கள் தாய்க்காக விரதம் பிடிக்கிற சித்திரா பௌர்ணமி. காலையில் கோவிலில் சித்திரைக் கஞ்சி. கிடாரத்தைச் சுற்றிப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். பச்சையரிசி வெந்து தேங்காய்ப்பாலில் கரைந்து ஆவி முகத்தில் அடித்தது. அகப்பை பிடித்த அண்ணை "பிள்ளை, கிட்ட வராதை, சுடும்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார். பின்னேரம் அதே பிள்ளைகள் வெசாக் கூடு பார்க்கப் போனார்கள். பழைய வாவு திரும்பி வந்திருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. பெயர் மட்டும் வேறு.

இலங்கை போயாவின் கணக்கில் ஓடிய அதே காலத்தில் சிங்கப்பூர் எதிர்ப்பக்கம் போயிற்று. புதிதாகப் பிறந்த நாடு, உழைக்கவேண்டும், விடுமுறை அதிகம் என்று கணக்குப் பார்த்து 1968 முதல் அரச விடுமுறைகளைப் பதினொன்றாகக் குறைத்தது. பல சமயங்கள் எதையாவது விட்டன. தமிழர் விட்டது தைப்பூசத்தை. அன்றிலிருந்து அங்கே காவடி எடுக்கிறவர்கள் தங்கள் சொந்த லீவில்தான் எடுக்கிறார்கள். நியூயோர்க் நகரப் பாடசாலைகளுக்கு 2015இல் முஸ்லிம்களின் இரண்டு பெருநாளும் லீவாயின, தீபாவளிக்கான சட்டம் 2023இல் வந்தது. ஒரு நாடு கழிக்கிறது, இன்னொரு நகரம் கூட்டுகிறது. எதுவானாலும் பிள்ளையின் சமயத்தைக் கலண்டர் கண்டும் காணாமல் இருக்க முடியாது. லீவு கொடுக்காவிட்டாலும் பிள்ளை வராது. கதிரை வெறுமையாகக் கிடக்கும்.

முஸ்லிம் பாடசாலைகள் இதை வேறு வழியில் தீர்த்திருக்கின்றன. நான் படித்த தீர்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி எங்கள் மாவட்டத்தில் பத்துப் பேரில் நாலு பேர் முஸ்லிம்கள். கல்வி அமைச்சு வருடாவருடம் சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு தவணை அட்டவணையும் முஸ்லிம் பாடசாலைகளுக்கு இன்னொரு தவணை அட்டவணையும் வெளியிடுகிறது. நோன்பு மாதம் எங்கே வருகிறதோ அங்கே அவர்களின் தவணை விடுமுறை. நோன்பு வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும். 2010இல் ஓகஸ்டில் வந்த நோன்பு 2024இல் மார்ச்சில் வந்தது. 2030இல் சனவரியில் ஒருமுறை, டிசம்பரில் இன்னொருமுறை, ஒரே வருடத்தில் இரண்டு நோன்பு தொடங்கும். அதற்கேற்றபடி தவணையே நகரும். யாரும் கடைசி நேரத்தில் லீவு கேட்டு அலைவதில்லை. பிறகு வேறு நாளில் ஈடுசெய்கிற கடனும் இல்லை. எங்கள் பக்கத்து முஸ்லிம் பாடசாலையில் படிப்பிக்கிற சிநேகிதி ஒருத்தி வருடத் தொடக்கத்திலேயே தன் பாடத்திட்டத்தை அதற்கேற்ப வெட்டி ஒட்டி வைத்துவிடுவாள்.

எங்கள் நிலை அப்படி இல்லை. சிவராத்திரிக்கு மறுநாள், தீபாவளிக்கு மறுநாள் போன்றவற்றுக்கு வடக்கிலும் கிழக்கிலும் சில வருடங்களில் மாகாண மட்டத்தில் விசேட விடுமுறை அறிவிக்கிறார்கள். அறிவித்தல் பலமுறை கடைசி நாட்களில்தான் வரும். வரும்போது ஒரு வரி கூடவே வரும்: இதற்குப் பதிலாகச் சனிக்கிழமை பாடசாலை நடைபெறும். சில வருடத்தில் அறிவித்தலே இல்லை. அந்த வருடங்களில்தான் நான் முதலில் சொன்ன சிவந்த கண்களைப் பார்த்தேன்.

படிப்பு நாள் குறைகிறதே என்ற கவலை எனக்கும் உண்டு. சாதாரண தரப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்திட்டம் முடியாமல் தவித்த ஆசிரியை நான். ஆனாலும் ஒரு விடயத்தை வகுப்பில் நின்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள். நித்திரை கொள்கிற வகுப்பு படிப்பு நாள் ஆகாது. பாதிப் பேர் வராத வகுப்பில் புதுப்பாடம் தொடங்க முடியாது, தொடங்கினால் அடுத்த நாள் திரும்பச் சொல்லவேண்டும். இடாப்பில் அது ஒரு நாளாக எழுதப்படும், பிள்ளையின் மண்டையில் எழுதப்படாது. அதேநேரம் எல்லாப் பண்டிகைக்கும் பூட்டவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நவராத்திரிக்கு எங்களுக்கு லீவு கிடையாது, தேவையும் இல்லை. வாணி விழா பாடசாலைக்குள்ளேயே நடக்கிறது. கொலுவுக்கு முன்னால் மாணவர்கள் பாடுகிறார்கள், அவல் கடலை பங்கிடுகிறார்கள், அதிபர் பேசுகிறார், பிறகு பாடம் நடக்கிறது. பாடசாலைக்குள் கொண்டாடக்கூடியதை அங்கேயே கொண்டாடலாம். பாடசாலைக்கு வெளியே, இரவில், கோவிலில், குடும்பத்தோடு கழிக்கவேண்டியதற்குத்தான் லீவு வேண்டும்.

வெசாக்குக்குச் சட்டத்திலேயே இரண்டு நாள். பௌர்ணமி நாளும் அதற்கு மறுநாளும். ஒரு பெரிய இரவுக்குப் பிறகு ஒரு காலை வேண்டும் என்று இந்த நாட்டின் விடுமுறைப் பட்டியல் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நோன்புக்காகத் தவணையையே நகர்த்தலாம் என்பதையும் அமைச்சு வருடாவருடம் செய்து காட்டுகிறது. இந்த இரண்டு முன்மாதிரியும் கையில் இருக்கும்போது, சைவப் பிள்ளைகள் படிக்கிற பாடசாலைகளுக்குச் சிவராத்திரிக்கு மறுநாளைத் தவணை அட்டவணை அச்சாகிற அன்றைக்கே எழுதி வைத்துவிடலாம். எந்தத் திகதி என்பது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கிறது. வருடாவருடம் யாரும் கேட்டு அலையத் தேவையில்லை. அந்த ஒரு நாளைத் தவணையின் மொத்த நாட்களுக்குள்ளேயே ஈடுசெய்யலாம். சனிக்கிழமையை எடுத்துக் கடனை அடைக்கத் தேவையில்லை.

அந்தச் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்றும் சொல்லவேண்டும். விடுமுறை அறிவித்த இன்னொரு வருடத்தில் அப்படி ஒரு சனிக்கிழமை வகுப்பில் முப்பத்திநாலு பேரில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். மீதிப் பேர் ரியூசனில், அல்லது ஊருக்குப் போய்விட்டார்கள், அல்லது அப்பாவோடு வலை இழுக்கப் போய்விட்டார்கள். வந்திருந்த பதினொரு பேரையும் சன்னலோரம் கூட்டி வைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றைச் செய்தோம். துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு கப்பலின் ஊதல் கேட்டது.

சிவராத்திரியை அடுத்து வருகிற நாட்களில் கோணேசப் பெருமான் நகர்வலம் வருவார். எந்தெந்தத் தெருவுக்கு எந்த நாளில் வருவார் என்று முன்னமே எல்லோருக்கும் தெரியும். வாசலில் வாழைமரம் கட்டி, சாணம் தெளித்துக் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து ஆட்கள் காத்திருப்பார்கள். நாலு சாமமும் முழித்த அதே பெண்பிள்ளை அந்தச் சனிக்கிழமை வந்திருந்தாள். பன்னிரண்டு மணிபோல எழுந்து நின்றாள்.

"ரீச்சர், இண்டைக்குப் பின்னேரம் எங்கட அம்மம்மா வீட்டுத் தெருவுக்குச் சுவாமி வருது. நேரத்துக்கு விடுவீங்களோ?"

"ஒண்டரைக்குத்தான் பிள்ளை மணி அடிக்கும்."

"நிறைகுடத்துக்கு மாவிலை நான்தான் பிடுங்கவேணும் ரீச்சர்."

ஒன்றரைக்கு மணி அடித்தது. புத்தகப் பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடித்தபடியே அவள் படலையைத் தாண்டி ஓடினாள்.